ஏ.எல்.லை வீட்டில் இருந்தே படிக்கலாமா?

ஓ.எல். (பதினோராம் ஆண்டு முடிவில் எழுதுகிற சாதாரண தரப் பரீட்சை) முடிவு வந்து மூன்றாம் நாள் அக்காவின் மகள் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி அனுப்பினாள். நான் அனுப்பிய வாழ்த்துக்குப் பதில் இல்லை, நேரே விஷயத்துக்கு வந்துவிட்டாள். "சின்னம்மா, நான் ஏ.எல்.லுக்குப் பள்ளிக்கூடம் போகல்ல. வீட்ட இருந்து ப்ரைவேட்டா எடுக்கப் போறன். அம்மாக்கிட்ட நீங்கதான் கதைக்கணும்."

அக்காவிடம் கதைப்பதற்கு முன் நானே கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. இரண்டையும் செய்து பார்த்தவள் நான். 2018 ஆகஸ்டில் ஏ.எல்.லை, அதாவது பல்கலைக்கழகத்துக்கு வழிவிடுகிற உயர்தரப் பரீட்சையை, பாடசாலைப் பரீட்சார்த்தியாக எழுதினேன், ஒரு சி, இரண்டு எஸ் (ஆகக் குறைந்த சித்தி). 2019 ஆகஸ்டில் அதே மூன்று பாடங்களை வீட்டில் இருந்து தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதினேன், ஒரு பி, இரண்டு சி. அந்த இரண்டாம் முடிவுதான் என்னை வந்தாறுமூலைக்கு, கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனது. இதை மட்டும் கேட்டால் வீடுதான் நல்லது என்று தோன்றும். அக்காவின் மகளும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள். என் கதையை எனக்கே சாட்சியாகக் கொண்டுவந்தாள்.

அவளுடைய நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். வீடு மட்டக்களப்பு வாவிக்கு அந்தப் பக்கம், கொக்கட்டிச்சோலையையும் தாண்டி உள்ளே. விருப்பம் கணிதப் பிரிவு (இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல்). ஊர்ப் பாடசாலை 1சி வகை, உயர்தரத்தில் கலையும் வர்த்தகமும்தான் உண்டு. விஞ்ஞானமும் கணிதமும் இருக்கிற 1ஏபி பாடசாலை என்றால் பஸ் ஏற வேண்டும். போகக்கூடிய தூரத்தில் இருக்கிற ஒன்றில் பௌதிகவியல் ஆசிரியர் மாற்றலாகிப் போய் அந்த இடம் காலியாகக் கிடக்கிறது. அதைவிட்டால் வாவிக்கு இந்தப் பக்கம், நகரத்துக்கு வரவேண்டும். 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபின் அது பெரிய தூரமில்லை. முன்பு பாதையில் ஏறி வாவியைக் கடந்த காலத்தில் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது, படுவான்கரைப் (வாவியின் மேற்குக் கரை) பிள்ளை கிடைத்த பிரிவைப் படித்திருக்கும். (பாதை என்றால் ரோட்டு இல்லை, மனிதரையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றி இழுக்கிற மிதவை. மட்டக்களப்பாருக்கு விளக்கம் தேவையில்லை.)

ஆக அவள் முன்னால் மூன்று வழிகள். ஆசிரியர் இல்லாத பக்கத்துப் பாடசாலை, நகரப் பாடசாலை, வீடும் ரியூசனும்.

வெளிநாட்டில் சொல்கிற வீட்டுக்கல்வி வேறு, இது வேறு. அமெரிக்காவில் 50 மாநிலங்களிலும் பிள்ளையை முதலாம் வகுப்பிலிருந்தே வீட்டில் வைத்துப் படிப்பிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கிற நேரம், என்ன படித்தது, எவ்வளவு படித்தது என்று தாய் தகப்பனே பட்டியல் போட்டுக் கொடுக்க வேண்டும். நம் நாட்டில் 5 வயதிலிருந்து 16 வயது வரை கல்வி கட்டாயம், அதனால் அநேகம் பேருக்கு இந்தக் கேள்வி ஓ.எல்.லுக்குப் பிறகுதான் வருகிறது. பட்டியலும் கிட்டியலும் இங்கே யாருக்கும் தேவையில்லை. எல்லாவற்றையும் ஒரே பரீட்சை முடிவு செய்கிறது. எங்கே இருந்து படித்தாய் என்று வினாத்தாள் கேட்பதில்லை.

வீட்டுப் படிப்பின் பக்கம் இருக்கிற பெரிய நியாயம் இதுதான். பாடசாலைப் பிள்ளைக்கும் தனிப்பட்ட பரீட்சார்த்திக்கும் ஒரே தாள், ஒரே நேரம். மூன்று பாடங்களின் இசட் புள்ளியையும் (சராசரிக்கு எவ்வளவு மேலே, கீழே என்று காட்டுகிற புள்ளி) கூட்டிச் சராசரி எடுப்பதும் ஒரே மாதிரித்தான். காமன் ஜெனரல் டெஸ்டில் (மூன்று பாடங்களுக்கு வெளியே எல்லாப் பிரிவும் எழுதுகிற பொதுத் தாள்) இருவரும் 30 எடுத்தாக வேண்டும். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தரம் தோற்றலாம் என்பதும் இருவருக்கும் பொது. பெரும்பாலான பிரிவுகளில் 40 சதவீத இடம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 சதவீதம் மாவட்டங்களுக்கு, 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. வீட்டில் இருந்து படித்தால் இதில் எதுவும் குறையாது.

கலைப் பிரிவில் கதை வேறு. கலைத்துறைக்குத் தெரிவு அகில இலங்கைத் திறமையில்தான் நடக்கிறது, மாவட்ட ஒதுக்கீடு கை கொடுக்காது. "ஆர்ட்ஸ்தானே, வீட்டில கிடந்து வாசிச்சாப் போதும்" என்று சொல்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

சரி, வினாத்தாள் கேட்பதில்லை என்றேன். பௌதிகவியலில் அது முழு உண்மையில்லை, கொஞ்சம் மறைமுகமாகக் கேட்கும். செய்முறைப் பரீட்சை என்று தனியாக இப்போது இல்லை. ஆனால் இரண்டாம் தாளின் முதல் பகுதியில் வருகிற நான்கு அமைப்புக் கட்டுரை வினாக்களும் பெரும்பாலும் ஆய்வுகூடத்து மேசையில் இருந்துதான் எழுகின்றன. எந்த அளவீட்டை முதலில் எடுப்பாய், ஏன் இந்தக் கம்பியை இவ்வளவு நீளத்துக்கு எடுத்தாய், வாசிப்பில் வழு வராமல் இருக்க என்ன செய்வாய் என்று கேட்பார்கள். கருவியைத் தொட்டவளுக்கு இது அரை நிமிட வேலை. தொடாதவள் பாடமாக்கி வைத்ததை எழுதுவாள், கேள்வியை ஒரு சொல் மாற்றிக் கேட்டால் விழுந்துபோவாள்.

எனக்கு நடந்ததையே சொல்கிறேன். திருகுக் கணிச்சியின் (கம்பியின் தடிப்பை அளக்கிற கருவி) பூச்சிய வழுவைப் படத்தில் பார்த்து மூன்று மாதம் படித்தேன். கூட்டுவதா கழிப்பதா என்று ஒவ்வொரு தடவையும் குழம்புவேன், கடைசியில் ஒரு வாய்பாடு மாதிரி மனப்பாடம் செய்து வைத்தேன். பன்னிரண்டாம் ஆண்டில் ஒருநாள் ஆய்வுகூடத்தில் சேர் அந்தக் கருவியைக் கையில் தந்தார். பழசு, தலைப்பில் துரு. ஒன்றும் வைக்காமல் மூடச் சொன்னார். டிக் டிக் என்று சத்தம் வரும் வரை திருகி மூடினேன். பூச்சியக் கோடு பொருந்தவில்லை, கோட்டை எட்டாமல் மூன்று பிரிவு முன்னாலேயே நின்றது. "ஒண்டுமே இல்லாம மூண்டு காட்டுது என்றா கம்பி வச்சா என்ன செய்யும்?" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் குழம்பியதில்லை. இரசாயனவியலில் நியமிப்பும் (ஒரு கரைசலைத் துளித்துளியாக விட்டு மற்றதன் செறிவை அளப்பது) அப்படித்தான். இளஞ்சிவப்பு வருகிற அந்த ஒரு துளியை யூடியூபில் எத்தனை தரம் பார்த்தாலும், குழாயைத் திருகுகிற விரலுக்கு அது தெரியாது.

2019இல் நான் வீட்டில் இருந்து முன்னேறியதற்குக் காரணம் இதுதான் என்று இப்போது விளங்குகிறது. கருவிகளைத் தொட்டு, பாடத்திட்டம் முழுவதும் ஒருமுறை ஓடி முடித்த பிறகுதான் நான் வீட்டில் உட்கார்ந்தேன். தெரிந்ததைத் திரும்பத் திரும்ப எழுதிப் பழகுகிற வேலைதான் மிச்சம் இருந்தது. அந்த வேலைக்கு வீடு நல்ல இடம். காலை நாலரைக்கு எழும்பி மூன்று மணித்தியாலத் தாளை ஒரே இருப்பில் செய்து முடிக்கலாம், மணி அடித்துக் குழப்ப ஆளில்லை. எங்கள் காலத்தில் பாடசாலையில் ஒரு பாடவேளை 40 நிமிடம். இணைந்த கணிதத்தில் ஒரு பெரிய கணக்கு சூடு பிடிக்கிற நேரம் அடுத்த பாடத்து டீச்சர் வாசலில் நிற்பார்.

ஆனால் வீட்டில் நாளை உண்டாக்குவதே ஒரு வேலை. அக்காவின் மகளுக்கு இது இன்னும் தெரியாது. பள்ளிக்கூடம் போகாத பெண்பிள்ளை வீட்டில் இருந்தால் அவள் படிக்கிறாள் என்று யாரும் நினைப்பதில்லை, இருக்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். கேஸ் சிலிண்டர் வந்தால் நீதான் போய் வாங்க வேண்டும். அம்மம்மாவின் கிளினிக் நாளுக்கு நீதான் துணை. தேங்காய் துருவ, சின்னவனை நேர்சரியில் இருந்து கூட்டிவர, மரண வீட்டுக்குப் போகிற அம்மாவுக்குப் பதிலாக வீடு பார்க்க, எல்லாவற்றுக்கும் "அவள் வீட்டிலதானே" என்ற ஒரு சொல் போதும். ஆண்பிள்ளைகளுக்கு வேறு மாதிரி. வெள்ளாமைக் காலத்தில் வயல் காவலுக்கு ஆள் குறைந்தால் யார் கண்ணில் படுவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. பிறகு ஜூன், ஜூலையில் கச்சான் காற்று. மத்தியானம் தகரக் கூரைக்குக் கீழே இருந்து நுண்கணிதம் செய்தவர்களுக்குத் தெரியும், இரண்டு மணிக்குப் பிறகு பேனை பிடிக்கிற கையே வழுக்கும்.

வேலியால் எட்டிப் பார்த்து "என்ன புள்ள, பாஸாகல்லையா?" என்று கேட்கிற பக்கத்து வீட்டு மாமியைக் கணக்கில் எடுக்கவே இல்லை. முதல் தரமே வீட்டில் இருந்து எடுத்தால் கேள்வி கொஞ்சம் மாறும். "ஏன் பள்ளிக்கூடம் விட்டு நிப்பாட்டினவங்க?" என்று கேட்பார்கள். அது இன்னும் மோசம்.

பாடசாலையை நான் தூக்கிப் பிடிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பதின்மூன்றாம் ஆண்டில் எங்கள் வகுப்பில் வெள்ளிக்கிழமைகளில் ஏழு பேர்தான் இருப்போம். மற்றவர்கள் ரியூசனில். பாடசாலைப் பரீட்சார்த்திக்கு 80 சதவீத வரவு வேண்டும் என்ற விதி சுவரில் ஒட்டியிருந்தது, அதற்குக் கீழேயே வெறுங்கதிரைகள். ஓர் ஆசிரியர் ஒரு தவணை முழுவதும் இரண்டு அலகைத் தாண்டவில்லை. இதைப் பார்த்த பிள்ளை "இதுக்கு வீட்ட இருக்கலாமே" என்று கேட்டால் பிழை சொல்ல முடியாது.

பொதுவாகச் செலவைத்தான் முதலில் ஒப்பிடுகிறார்கள். பாடசாலை இலவசம், வீடும் இலவசம், ரியூசன் காசு எப்படியும் போகும் என்று கணக்குப் போடுகிறார்கள். பாதி சரி. 1945இல் வந்த இலவசக் கல்வி உயர்தரத்துக்கும் பொருந்தும், ஆனால் அரசாங்கத்தின் இலவசப் பாடநூல் பதினோராம் ஆண்டோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு புத்தகமும் ரியூட்டும் (அச்சடித்த ரியூசன் குறிப்பு) எல்லாருக்கும் கைக்காசுதான். வித்தியாசம் வேறு இடத்தில் வரும். பாடசாலைப் பிள்ளை தனக்குப் பலவீனமான ஒரு பாடத்துக்கு மட்டும் ரியூசன் போனாலும் சமாளிக்கலாம். வீட்டுப் பிள்ளைக்கு மூன்று பாடமும் வேண்டும், ஒவ்வொன்றிலும் தியரி, ரிவிஷன், பேப்பர் கிளாஸ் என்று மூன்று கட்டணம். யாழ்ப்பாணத்து சேரின் சூம் வகுப்புக்கு டேட்டாக் காசு தனி. பரீட்சைக் கட்டணத்தையும் தனிப்பட்ட பரீட்சார்த்தி தானே கட்ட வேண்டும். பஸ் காசு மிச்சம் என்று அவள் சொன்னாள். கிழமைக்கு மூன்று நாள் பின்னேரம் நகரத்து ரியூசனுக்கு வந்து திரும்புவதற்கும் அதே பஸ்தானே? இருட்டினால் அந்தப் பக்கத்தில் யானை வேறு. அக்கா அதற்குச் சம்மதிக்கமாட்டா, நானும் சொல்லமாட்டேன்.

அப்புறம், தகவல். இதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை, நான் அடிபட்டுப் படித்தேன். 2019இல் பாடத்திட்டம் மாறியது. புதிதாகத் தோற்றுகிறவர்களுக்குப் புதிய பாடத்திட்டத் தாள், எங்களைப் போல 2018இல் எழுதித் திரும்ப எடுப்பவர்களுக்குப் பழைய பாடத்திட்டத் தாள். பாடசாலைக்குச் சுற்றறிக்கை வரும், வகுப்பாசிரியர் வாசித்துச் சொல்வார். எனக்கு யார் சொல்வது? ரியூசன் வாசலில் கேட்டதை நம்பி, மாதிரி வினாத்தாள் கட்டொன்றை வாங்கி இரண்டு கிழமை செய்தேன். அது புதிய பாடத்திட்டத்துக்கு உரியது. பழைய பாடசாலைக்குச் சான்றிதழ் ஒன்றில் கையெழுத்து வாங்கப் போன நாளில் டீச்சர் என் கையில் இருந்த கட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டா. அந்த வருடம் ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு பாடசாலைகள் நாட்கணக்கில் திறக்கவில்லை, திறந்த பிறகும் பிள்ளைகளை அனுப்ப ஊர் பயந்தது. அந்த நாட்களில் வீட்டில் இருந்து படிக்கப் பழகியிருந்த எனக்கு நட்டம் குறைவு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2024 நவம்பரில் வெள்ளத்தால் ஏ.எல். நடுவழியில் நிறுத்தப்பட்டபோது இன்னொன்றைப் பார்த்தேன். என்னிடம் படித்த பிள்ளைகளில் பாடசாலைக்காரருக்குச் செய்தி வகுப்பாசிரியரின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. தனிப்பட்ட பரீட்சார்த்திகள் எனக்குக் கோல் எடுத்து, பேஸ்புக்கில் கண்டது உண்மையா என்று கேட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக நான் பார்ப்பது, எழுதின விடையை யார் திருத்துவது என்பதை. பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளித்திட்டம் கடையில் கிடைக்கிறது, வாங்கித் தானே திருத்தலாம் என்பார்கள். திருத்தலாம்தான். ஆனால் தன் விடையைத் தானே திருத்துகிறவள் தான் என்ன சொல்ல நினைத்தாள் என்பதையும் சேர்த்து வாசிப்பாள். மற்ற ஆள் தாளில் இருப்பதை மட்டும் வாசிக்கும். நூறு இருநூறு பேர் இருக்கிற ரியூசன் மண்டபத்தில் யார் உன் தாளை எடுத்து வாசிக்கப் போகிறார்கள்? எனக்கு 2019இல் ஓர் அதிர்ஷ்டம், கல்லடியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஞாயிறு தோறும் நான் செய்த தாள்களை வாங்கிச் சிவப்புப் பேனையால் திருத்தித் தந்தார், ஒரு சதமும் வாங்கவில்லை. அவர் இல்லாமல் இருந்தால் அந்த பி வந்திருக்காது. வீட்டில் இருந்து படித்து வென்றேன் என்று ஊரில் சொல்கிறார்கள், அந்தச் சிவப்புப் பேனையை யாரும் சொல்வதில்லை.

காத்தான்குடிப் பக்கத்திலும் கல்முனைப் பக்கத்திலும் அரபுக் கல்லூரியில் மௌலவிக் கற்கையோடு ஏ.எல்.லும் எடுக்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அரபு, இஸ்லாமிய நாகரிகம் மாதிரிப் பாடங்கள். அரச பாடசாலையும் இல்லை, வீடும் இல்லை. ஆனால் எழும்புகிற நேரம் குறித்திருக்கிறது, பாடம் கேட்க ஓர் உஸ்தாத் இருக்கிறார், பக்கத்தில் அதே தாளை எழுதப்போகிற இன்னொரு பிள்ளை இருக்கிறது. வீட்டுப் படிப்பில் காணாமல் போகிறவையும் இந்த மூன்றும்தான்.

பாடத்தைப் பொறுத்தும் மாறும். தமிழ், அரசியல் விஞ்ஞானம், இந்து நாகரிகம் எடுக்கிற, சொந்தமாக வாசிக்கிற பழக்கம் உள்ள, நோய் காரணமாகவோ குடும்பக் கஷ்டத்தாலோ பாடசாலை போக முடியாத பிள்ளை என்றால் முதல் தரத்தையே வீட்டில் இருந்து எடுக்கலாம், திருத்தித் தர ஓர் ஆள் இருந்தால். நாடகமும் அரங்கியலும், சங்கீதம், நடனம் எடுத்தால் செய்முறைப் பரீட்சை உண்டு, தனியே இருந்து நாடகம் பழக முடியாது. கணிதத்துக்கும் பயோவுக்கும் முதல் தரம் பாடசாலைதான் என்பது என் முடிவு, ஆசிரியர் குறைந்த பாடசாலையாக இருந்தாலும். ஆய்வுகூடத் திறப்பு அங்கேதான் தொங்குகிறது. இரண்டாம் தரத்துக்கு வீடு. மூன்றாம் தரத்தைப் பற்றி ஆளுக்கு ஆள் தனியாகத்தான் கதைக்க வேண்டும்.

இவ்வளவையும் அவளிடம் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அங்க பிசிக்ஸுக்கு சேர் இல்ல சின்னம்மா, அது உங்களுக்கு விளங்கல்ல" என்றாள். விளங்கியது. இதுதான் அவளுடைய உண்மையான காரணம், வீட்டு ஆசை பிறகு ஒட்டிக்கொண்டது. ஆசிரியர் இல்லாத பாடசாலையும், ஆய்வுகூடம் இல்லாத வீடும் என்று இரண்டு வெற்றிடத்துக்கு நடுவில் நின்றுகொண்டு பிள்ளை தெரிவு செய்கிறாள். படுவான்கரையில் இப்படி நிற்கிறவள் அவள் ஒருத்தி இல்லை.

நகரப் பாடசாலை ஒன்றில் விண்ணப்பம் போடுவோம், கிழமை நாட்களில் என் வீட்டில் நிற்கட்டும், வெள்ளி பின்னேரம் வீட்டுக்குப் போகட்டும் என்று அக்காவிடம் கதைத்திருக்கிறேன். கிடைக்காவிட்டால் பக்கத்து 1ஏபி. பௌதிகவியலை மட்டும் வெளியில் பார்த்துக்கொள்வோம், மற்ற இரண்டுக்கும் அங்கே ஆள் இருக்கிறது, ஆய்வுகூடமும் இருக்கிறது. அக்கா இன்னும் "பார்ப்பம்" என்கிற இடத்தில்தான் நிற்கிறா.

நேற்று இரவு பத்து மணிக்கு அக்காவின் மகளிடமிருந்து ஒரு படம் வந்தது. பழைய தாள் ஒன்றில் இருந்து திருகுக் கணிச்சி வினாவைத் தானாகவே தேடிப்பிடித்துச் செய்திருக்கிறாள். எழுத்து அழகு. படம் அடிமட்டம் வைத்துக் கீறியிருக்கிறாள். பூச்சிய வழுவைக் கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டியிருக்கிறாள். கீழே, "சரியா சின்னம்மா? புத்தகத்தோட பாத்தன், சரி மாதிரித்தான் கிடக்கு."